சென்னையின் நீர்முகப்பு: துறைமுகச் சுவர் முதல் காலநிலைத் திட்டம் வரை

சென்னையின் நீர்முகப்பு என்பது வங்கக்கடலின் கரை, அக்கடலில் கலக்கும் கொசஸ்தலை, கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் பக்கிங்காம் கால்வாய், தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஆகியவற்றைச் சேர்த்துக் குறிக்கும் பெயராகும். வடக்கே எண்ணூர் முதல் தெற்கே கோவளம் வரை இது ஒரே தொடராக அமைந்துள்ளது.

நகரின் மையத்தில் 'சென்னைக் கடற்கரை' என்ற பெயரில் ஒரு புறநகர் இரயில் நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கும் பயணிக்குக் கடற்கரை தென்படாது. துறைமுகத்தின் மதிலும் கிடங்குகளுமே தெரியும். அதற்கு எதிரே உள்ள இராஜாஜி சாலை முன்பு 'முதல் கடற்கரை வரிசை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் வழங்கப்பட்டது. ஒரு காலத்தில் அலை அங்கேதான் அடித்தது. நகரின் கரை அசையாத கோடு அல்ல, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மனித முடிவுகளால் மீண்டும் மீண்டும் நகர்த்தப்பட்ட கோடு என்பதற்கு இப்பெயர்கள் சான்று.

கடல்மட்டம் உயர்ந்து பெருமழைகள் கூடிவரும் இக்காலத்தில், அந்த முடிவுகளின் விளைவுகளே காலநிலைத் தகவமைப்புத் திட்டங்கள் எதிர்கொள்ளும் முதல் சிக்கலாக உள்ளன.

துறைமுகம் இல்லாத துறை

1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இவ்விடம் கிடைத்தபோது இங்கு இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. கரை திறந்த மணற்கரையாக இருந்தது. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பொருள்களும் மனிதர்களும் மசூலா படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டனர். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய இப்படகுகள் அலை மோதும்போது நெளிந்து கொடுக்கும். அதனால் உடையாமல் கரை சேரும். கடிதங்களையும் சிறு சுமைகளையும் கட்டுமரக்காரர்கள் கொண்டு சென்றனர். நகரின் வணிகம் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இந்த மீனவர்கள், படகோட்டிகளின் திறமையை நம்பியே நடந்தது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்த துறையில் நிற்பது ஆபத்தானது. 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னேயின் கப்பற்படை, அதே ஆண்டு அக்டோபரில் வீசிய புயலில் இதே துறையில் பெரும் சேதமடைந்தது. கரையை அலை அரிப்பதும் பழைய சிக்கலே. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கருப்பர் நகரத்தின் கிழக்கு விளிம்பைக் காக்கப் பொறியாளர் தாமஸ் டி ஹவிலாந்து தலைமையில் கற்களால் தடுப்பரண் எழுப்பப்பட்டது.

1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்துறை ஒன்று அமைக்கப்பட்டது. 1868, 1872ஆம் ஆண்டுப் புயல்களால் அது பயன்படாமல் போனது. இதன் பின்னரே கடலுக்குள் சுவர் கட்டிச் செயற்கையாகத் துறைமுகம் உருவாக்கும் எண்ணம் வலுப்பெற்றது.

செயற்கைத் துறைமுகம்

பொறியாளர் வில்லியம் பார்க்ஸ் வகுத்த திட்டத்தின்படி, கரையிலிருந்து கடலுக்குள் இரு அலைதடுப்புச் சுவர்களை நீட்டி, கிழக்கே கப்பல் நுழைய ஒரு வாயில் விடுவது என முடிவானது. 1875 டிசம்பரில், அப்போது வேல்ஸ் இளவரசராக இருந்த எட்வர்டு இதற்கு அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் சுவர்களின் பெரும்பகுதியைச் சிதைத்தது. பழுது பார்க்கும் பணி 1890களின் நடுப்பகுதி வரை நீண்டது.

புயலைவிட நிதானமாகவும் தொடர்ச்சியாகவும் வந்த சிக்கல் மணல். சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வாடைக்காற்று வீசும் மாதங்களில் இது திரும்பித் தெற்கு நோக்கி நகர்கிறது. வடக்கு நோக்கிய நகர்வே நீண்ட காலம் நீடிப்பதாலும் வலுவானதாக இருப்பதாலும், ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் மணல் வடக்கே செல்கிறது. இந்த ஓட்டத்தின் குறுக்கே துறைமுகத்தின் தெற்குச் சுவர் நின்றது. மணல் சுவரின் தென்புறத்தில் குவிந்து, நாளடைவில் அதைச் சுற்றிக் கிழக்கு வாயிலை அடைக்கும் நிலை வந்தது.

1904இல் துறைமுகத்தின் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இதற்கு மாற்று கண்டார். கிழக்கு வாயில் மூடப்பட்டது. வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டு, அதைக் காக்க ஒரு தடுப்புச் சுவரும் கட்டப்பட்டது. துறைமுகம் பிழைத்தது. 1960களிலும் 1970களிலும் ஜவகர் டாக், பாரதி டாக் ஆகியவை சேர்ந்தபோது அது மேலும் விரிந்தது. ஆனால் தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்துகொண்டே இருந்தது. வடக்கே சேரவேண்டிய மணல் சேரவில்லை.

மெரினாவும் இராயபுரமும்

1881 முதல் 1886 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிராண்ட் டஃப், கடலோரத்தில் உலாவும் சாலை ஒன்றை அமைத்து அதற்கு 'மெரினா' என்று பெயரிட்டார். அச்சாலையின் எதிரே மாநிலக் கல்லூரியும் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லமும் ஏற்கெனவே எழுந்திருந்தன. அன்று இவற்றுக்கும் கடலுக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு. 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட 'ஐஸ் ஹவுஸ்', இன்றைய விவேகானந்தர் இல்லம், இறக்கும் இடத்துக்கு அருகே இருக்கவேண்டும் என்பதற்காகவே அலை விளிம்பை ஒட்டி அமைந்தது. இன்று அங்கிருந்து கடலில் கால் நனைக்க நீண்ட மணல்வெளியைக் கடக்கவேண்டும்.

இந்த மணல்வெளி துறைமுகம் உண்டாக்கியது. சுவரின் தென்புறத்தில் ஆண்டுதோறும் சேர்ந்த மணலே மெரினாவைச் சராசரியாக 300 மீட்டர் அகலமுள்ள கடற்கரையாக மாற்றியது. நகரமே பெருமையாகக் கருதும் இந்த இடம், யாரும் திட்டமிடாத ஒரு துணைவிளைவு.

அதன் மறுபக்கம் துறைமுகத்துக்கு வடக்கே உள்ளது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் திறக்கப்பட்ட இராயபுரமும் அதை அடுத்த காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கரைகளும் மணல் வரத்தை இழந்தன. கடல் அலை எடுத்துச் செல்லும் மணலை ஈடுசெய்ய ஒன்றும் வராததால் கரை உள்வாங்கியது. 1876க்கும் 1975க்கும் இடையே இராயபுரம் பகுதியில் கடல் சுமார் 500 மீட்டர் நிலத்துக்குள் வந்ததாக மதிப்பிடப்படுகிறது. மீனவர் தெருக்களும் வீடுகளும் வலை உலர்த்தும் மணல்வெளியும் கடலுக்குள் போயின. எண்ணூர் நோக்கிச் செல்லும் கடலோரச் சாலை பலமுறை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டிக் கடற்சுவர் அமைக்கப்பட்டது. பின்னர் கரைக்குச் செங்குத்தாகக் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் சேர்க்கப்பட்டன. இவற்றுக்கு இடையே சிறிதளவு மணல் சேர்ந்தது. ஆனால் ஒவ்வொரு தடுப்பும் அதன் வடக்கே உள்ள அடுத்த கரையின் மணலைக் குறைத்தது.

அதே மணல் நகரின் ஆறுகளையும் பாதித்தது. துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே, நேப்பியர் பாலத்தின் அருகே கூவம் கடலில் சேர்கிறது. சுவரின் பின்னால் குவியும் மணல் அதன் முகத்துவாரத்தை மேடாக்கி அடைத்தது. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஆற்றில் நீரோட்டம் குறைவு என்பதால், அடைபட்ட வாயைத் திறக்கும் வலு அதற்கு இல்லை. நகரின் கழிவுநீர் அதில் தேங்கியது. கூவத்தின் நாற்றத்துக்குக் கழிவுநீரோடு, துறைமுகச் சுவர் உண்டாக்கிய மணல்மேடும் ஒரு காரணம்.

பக்கிங்காம் கால்வாய்

1806இல் பேசில் காக்ரேன் என்பவரின் முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்புநீர்க் கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. பின்னர் அரசு அதை எடுத்துக்கொண்டு வடக்கே ஆந்திரக் கரைக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீட்டியது. 1876–78இல் தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சம், மக்கள் நினைவில் தாது வருஷப் பஞ்சம், இக்கால்வாயின் ஒரு பகுதிக்குக் காரணமாயிற்று. பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி வெட்டப்பட்டது. பசியால் மெலிந்த மக்கள் கூலிக்கு மண் சுமந்து உருவாக்கிய இக்கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது.

உப்பு, விறகு, நெல் ஆகியவற்றை ஏற்றிய படகுகள் இதில் சென்றன. சாலையும் இரயிலும் பெருகியபோது போக்குவரத்து குறைந்தது; 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பிறகு படகுவழி என்ற நிலையை அது பெரும்பாலும் இழந்தது. ஆனால் அதற்கு வேறொரு பணியும் இருந்தது. கடற்கரைக்கு இணையாக ஓடுவதால், ஒரு முகத்துவாரம் அடைபட்டால் வெள்ளத்தை மற்றொன்றுக்குத் திருப்பும் வழியாகவும், கடலிலிருந்து ஏறிவரும் நீரை ஏற்கும் பள்ளமாகவும் அது செயல்பட்டது.

இப்பயனைக் கணக்கில் கொள்ளாமலே பறக்கும் இரயில் திட்டம் வகுக்கப்பட்டது. நிலம் கையகப்படுத்தும் செலவைத் தவிர்க்க, கால்வாயின் படுகையிலேயே தூண்களும் நிலையங்களும் எழுப்பப்பட்டன. கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995இலும், திருமயிலை வரை 1997இலும், வேளச்சேரி வரை 2007இலும் இரயில் ஓடத் தொடங்கியது. பல இடங்களில் கால்வாயின் அகலம் வெகுவாகக் குறைந்தது. ஒரு போக்குவரத்துத் தேவை நிறைவேறியது. ஒரு வெள்ளவழி சுருங்கியது.

ஏரிகளும் சதுப்பு நிலமும்

சென்னை நிலப்பரப்பு மிகத் தட்டையானது. கடல்மட்டத்திலிருந்து அதன் சராசரி உயரம் 6 முதல் 7 மீட்டர் அளவே. இத்தகைய நிலத்தில் மழைநீரை வேகமாகக் கடலுக்கு அனுப்ப முடியாது. பழைய தொண்டைமண்டல ஏரி அமைப்பு இதை உணர்ந்து உருவானது. ஒரு ஏரி நிறைந்ததும் கலங்கல் வழியே உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். கடைசி ஏரியின் உபரி ஆற்றையோ சதுப்பு நிலத்தையோ சேரும். வெள்ளம் படிப்படியாகத் தாமதப்படுத்தப்பட்டு, கோடைக்கான நீராகவும் மாறியது.

1920களில் மாம்பலம் பகுதியில் புதிய குடியிருப்பு அமைக்க, மயிலாப்பூர் ஏரி என்றும் நெட்டேரி என்றும் அறியப்பட்ட பெரிய நீர்நிலை தூர்க்கப்பட்டது. அங்கே உருவானதே தியாகராய நகர். நுங்கம்பாக்கம் ஏரியின் நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'ஏரி தோன்றும் சாலை' என்று பொருள்படும் லேக் வியூ சாலை இன்றும் உள்ளது, ஏரி இல்லை. கனமழையில் இப்பகுதிகளின் சில தெருக்களில் நீர் நிற்பது, பழைய நீர்ப்பரப்பு தன் இடத்தைக் காட்டுவதே.

தெற்கே, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீரை ஏற்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ஏறத்தாழ 50 சதுர கி.மீ. பரந்திருந்தது. 'கழுவெளி' என மக்கள் அழைத்த இது வருவாய் ஆவணங்களில் பயனற்ற நிலமாகப் பார்க்கப்பட்டது. பெருங்குடியில் நகரின் குப்பைக்கிடங்கு அமைந்தது. 2000க்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியபோது, கல்வி நிலையங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சாலைகளும் அதைத் துண்டாடின. எஞ்சியது பழைய பரப்பின் சிறு பங்கே. 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,247 எக்டேர் ராம்சார் ஈரநிலமாகப் பட்டியலிடப்பட்டது.

கடற்கரையும் குப்பங்களும்

நகரம் உருவாவதற்கு முன்பே இக்கரையில் மீனவர் குப்பங்கள் இருந்தன. மெரினா அழகிய பொது இடமாக மாறியபோது, அதே மணலில் படகும் வலையும் வைத்துத் தொழில் செய்வோர் இடையூறாகக் கருதப்பட்டனர். 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. மீனவர்கள் எதிர்த்தனர். மோதலில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, மீனவர்கள் உயிரிழந்தனர். கடற்கரை யாருக்கானது என்ற கேள்வி நகரத் திட்டமிடலில் இத்தனை வெளிப்படையாக எழுந்தது அப்போதுதான்.

1991இல் இந்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. ஏற்கெனவே வளர்ந்த நகரக் கடற்கரைகளில், இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடங்களுக்கோ நிலப்பக்கம் மட்டுமே புதிய கட்டடங்கள் வரலாம் என்பது விதி. இதனால் ஒரு கடலோரச் சாலை எங்கே போடப்படுகிறது என்பதே கட்டடங்கள் எதுவரை வரலாம் என்பதையும் தீர்மானிக்கலாயிற்று. நொச்சிக்குப்பத்தை ஒட்டிய இணைப்புச் சாலை குறித்த சர்ச்சை இதற்கு எடுத்துக்காட்டு. மீனவர்களுக்கு அது மீன் விற்கும் இடம். வாகன ஓட்டிகளுக்கு அது நெரிசலைத் தவிர்க்கும் வழி. 2023இல் சாலையோர மீன்கடைகளை அகற்றும் நடவடிக்கை போராட்டத்தில் முடிந்தது. 2024இல் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது.

ஆற்றங்கரைக் குடிசைவாசிகளின் நிலை வேறு. வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டிக் கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. இவை பள்ளிக்கரணை வடிகாலைச் சார்ந்த தாழ்நிலப் பகுதிகள். வேலைக்குச் செல்லும் தூரம் கூடியது. 2015 மழையில் அங்கேயும் வெள்ளம் புகுந்தது. ஒரு வெள்ளத்திலிருந்து காக்க மாற்றப்பட்டவர்கள் இன்னொரு வெள்ளத்தில் நின்றனர்.

மூன்று பேரிடர்கள்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை சென்னைக் கரையைத் தாக்கியதில் சுமார் 200 பேர் இறந்தனர். பெரும்பாலோர் கடலோரக் குப்பங்களைச் சேர்ந்தவர்களும் மெரினாவில் காலையில் கூடியிருந்தவர்களும் ஆவர். கால்வாயும் மணல்மேடுகளும் எஞ்சியிருந்த இடங்களில் நீர் உட்புகும் வேகம் தணிந்தது கவனிக்கப்பட்டது.

2015 நவம்பரில் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 1,000 மி.மீ.க்கும் அதிகமான மழை பதிவானது. ஏரிகள் நிறைந்திருந்த நிலையில் டிசம்பர் 1 அன்று மீண்டும் பெருமழை பெய்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது. வழியில் நிரம்பிய மற்ற ஏரிகளின் நீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டது. ஆற்றின் மீது பாலம் கட்டி ஓடுபாதை நீட்டப்பட்டிருந்த விமான நிலையம் பல நாள்கள் மூடப்பட்டது. அப்பருவத்தில் மாநிலம் முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2018இல் வெளியான இந்தியக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, நீர்நிலை ஆக்கிரமிப்பு, வெள்ளச் சமவெளியில் கட்டட அனுமதி, ஏரி நிர்வாகக் குறைபாடு ஆகியவற்றைச் சுட்டி இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று குறிப்பிட்டது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்சாம் புயல் கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்தபோது இன்னொரு பலவீனம் வெளிப்பட்டது. மழைநீர் வடிகால்கள் புதிதாகக் கட்டப்பட்டிருந்தும், புயலால் கடல் உயர்ந்து நின்றதால் ஆறுகளும் கால்வாய்களும் நீரைக் கடலுக்குள் விட முடியவில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நீர் பல நாள்கள் நின்றது. வடக்கே, வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, இறாலும் மீனும் பிடித்து வாழ்ந்தோரின் படகு, வலை, பிழைப்பு அனைத்தையும் பாழாக்கியது.

கடல்மட்ட உயர்வும் புதிய திட்டங்களும்

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழுவின் ஆறாம் மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துள்ளது. 2100க்குள் உமிழ்வு மிகக் குறைந்தால் 28 முதல் 55 செ.மீ. வரையும், மிக அதிகமானால் 63 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரையும் உயரக்கூடும். சென்னை போன்ற தட்டையான நகரத்துக்கு இதன் பொருள், நிலம் மூழ்குவது மட்டுமல்ல. கடல் சற்று உயர்ந்தாலும் ஆற்றின் சரிவு குறைகிறது. வடிகாலின் வாய் நீருக்குள் போகிறது. மழைநீர் வெளியேறும் நேரம் நீள்கிறது. உப்புநீர் நிலத்தடிக்குள் ஏறுகிறது. 2023இல் இரண்டு நாள் நிகழ்ந்தது, உயர்ந்த கடலில் அடிக்கடி நிகழக்கூடியது.

2008இல் வெளியான இரண்டாம் முழுமைத் திட்டம் பள்ளிக்கரணை நீர்ப்பிடிப்புப் பகுதியையும் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் தனி வரையறைக்குள் கொண்டுவந்தது. கழிவும் இடிபாடும் கொட்டப்பட்ட அடையாறு உப்பங்கழியின் 58 ஏக்கர் சீரமைக்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது; ஓதநீர் மீண்டும் உள்ளே வந்தபோது அலையாத்திச் செடிகளும் பறவைகளும் திரும்பின. 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப்பணி அதிகாரி திருப்புகழ் தலைமையில் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. 2023இல் மாநகராட்சி தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. மழைநீரை உறிஞ்சித் தேக்கும் சிறு பூங்காக்கள் அமைக்கப்பட்டன. கிண்டி குதிரைப் பந்தயத் திடலில் வெள்ளநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டப்பட்டன. நீரை விரட்டுவதிலிருந்து நீருக்கு இடம் கொடுப்பதை நோக்கிய மாற்றம் இவற்றில் தெரிகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் பணிகள் நடக்கின்றன. 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதன் வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொன்று வந்தது. ஒவ்வொரு புதிய அலைதடுப்புச் சுவரின் வடக்கிலும் இராயபுரத்தின் கதை மீண்டும் தொடங்குகிறது. அந்த அரிப்பின் திசையில் இருப்பவை மீனவக் கிராமங்களும், அவற்றுக்கு அப்பால் பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் மெல்லிய மணல்நிலமும்.

மதிப்பீடு

சென்னை நீர்முகப்பின் வரலாற்றில் திட்டமிட்டோர் அறியாமையில் செயல்பட்டார்கள் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. மணல் வடக்கே நகர்வது துறைமுகப் பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஏரிகளின் பயன் பொதுப்பணித் துறைக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் ஒவ்வொரு திட்டமும் தன் எல்லைக்குள் மட்டும் வரவு செலவு பார்த்தது. துறைமுகத்தின் கணக்கில் இராயபுரம் வரவில்லை. பறக்கும் இரயிலின் கணக்கில் கால்வாய் வெள்ளவழியாக வரவில்லை. பெரும்பாக்கம் குடியிருப்பின் கணக்கில் சதுப்பு நிலத்தின் வடிகால் வரவில்லை. நீரும் மணலும் மறைந்துவிடுவதில்லை, வேறிடத்துக்கு நகர்கின்றன. அவை போய்ச் சேர்ந்த இடங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் வடசென்னை மீனவர்களும், ஆற்றங்கரை ஏழைகளும், தாழ்நிலத்தில் வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்களுமே.

காலநிலைத் தகவமைப்புக்கான கடற்சுவர், வெள்ளக் கதவு, முகத்துவாரத் தடுப்பு ஆகிய முன்மொழிவுகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஒரு கரையைக் காக்கும் சுவர் எந்தக் கரையின் மணலை நிறுத்துகிறது, ஒரு பகுதியிலிருந்து வெளியேற்றும் நீர் எந்தப் பகுதியில் தேங்குகிறது என்ற கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் அது தகவமைப்பு ஆகும். இல்லையெனில் அது மற்றுமோர் இடமாற்றமே.

2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிவாக்கப்பட்டது. மூன்று ஆறுகளின் கீழ்ப்பகுதியும் பல நூறு ஏரிகளும் நீண்ட கடற்கரையும் இப்போது ஒரே திட்ட அமைப்பின் கீழ் வருகின்றன. 2026க்குப் பிந்தைய காலத்துக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் இந்த எல்லைக்கே தயாரிக்கப்படுகிறது. துறைமுகச் சுவர் எழுந்த காலத்தில் இல்லாத வாய்ப்பு இது: மெரினாவையும் இராயபுரத்தையும், பள்ளிக்கரணையையும் பழவேற்காட்டையும் ஒரே கணக்கேட்டில் வைத்துப் பார்ப்பது.